தாய்மார் உயிரைக் காத்த டாக்டர் செம்மல்வைஸ்

2020 ஏப்ரலில் மஸ்ஜித் இந்தியாவின் சிலாங்கூர் மென்ஷனும் மலாயன் மென்ஷனும் முள்கம்பிக்குள் அடைபட்டதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு கடைகள் திறந்தபோது துணிக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை என எங்கு போனாலும் வாசலிலேயே கைத்தூய்மி. உள்ளே நுழையுமுன் கையைச் சுத்தம் செய் என்ற இந்தக் கட்டளையை 175 ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு பிரசவ வார்டில் போட்டவர் இக்னாஸ் செம்மல்வைஸ். அவர் ஒரு மளிகை வியாபாரியின் மகன்.

1818 ஜூலை 1-ஆம் தேதி ஹங்கேரியின் புடா நகரில் பிறந்தார். சட்டம் படிக்க வியன்னா போனவர், மருத்துவத்துக்கு மாறினார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவரானார்.

அங்கே பிரசவத்துக்கு இரண்டு வார்டுகள். முதல் வார்டு மருத்துவ மாணவர்களுக்கு, இரண்டாவது மருத்துவச்சிகளுக்கு. 1846-இல் முதல் வார்டில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தார்கள். இரண்டாவதில் மூன்று பேர்கூட இல்லை. கர்ப்பிணிகள் முதல் வார்டு வேண்டாம் என்று கெஞ்சி அழுவார்கள். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பெற்றவர்கள்கூட முதல் வார்டில் பெற்றவர்களைவிடப் பிழைத்தார்கள். படித்த டாக்டர்கள் கைபட்ட இடத்தில் சாவு அதிகம் என்பதை எந்தப் பேராசிரியர்தான் ஒப்புக்கொள்வார்?

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெட்ச்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவர் உடலில் கண்ட கோளாறுகள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாருடையதைப் போலவே இருந்தன. செம்மல்வைஸுக்கு விளங்கிவிட்டது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிண நாற்றம் போகவில்லை.

மே மாதம் உத்தரவு போட்டார். வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும். பிறகு விலை மலிவு என்று குளோரின் கலந்த சுண்ணாம்புக்கு மாறினார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டளவுக்கு இறங்கியது.

ஆனால் அக்டோபரில் மறுபடி அடி விழுந்தது. கருப்பைப் புற்றுநோயோடு வந்த ஒரு பெண்ணை முதலில் பரிசோதித்துவிட்டு, வரிசையாக மற்றவர்களைப் பார்த்தார்கள். அவளோடு பிரசவித்த பன்னிரண்டு பேரில் பதினொருவர் இறந்தார்கள். எல்லாரும் வாசலில் கை கழுவியவர்கள்தான்; கட்டிலுக்குக் கட்டில் கழுவவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணைத் தொட்ட பிறகும் கழுவ வைத்தார்.

மேலதிகாரி கிளைனுக்கு இது பிடிக்கவில்லை. 1849-இல் செம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் ஊர் திரும்பினார். பெஸ்டில் உள்ள ரோகுஸ் மருத்துவமனையில் பிரசவ வார்டை ஏற்றார். ஆறு ஆண்டுகளில் 933 பிரசவம், காய்ச்சலுக்குப் பலி 8 பேர். இவ்வளவு செய்தவர் அதை எழுதி வைக்கப் பல ஆண்டு சுணங்கியது அவர் தவறுதான். 1861-இல்தான் புத்தகம் வந்தது. மற்றவர்கள் கேட்கவில்லை என்றதும் பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்றே திட்டிக் கடிதங்கள் எழுதினார்.

மனநிலை தடுமாறியதாகச் சொல்லி 1865 ஜூலையில் வியன்னாவில் ஒரு மனநல விடுதிக்கு அவரை ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள். இரண்டே வாரம். காயம் சீழ்பிடித்து, நஞ்சு ரத்தத்தில் பரவி, ஆகஸ்ட் 13-இல் இறந்தார். வயது 47. அதற்கு முந்தைய நாள்தான் கிளாஸ்கோவில் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், ஒரு சிறுவனின் உடைந்த கால் காயத்துக்கு முதன்முறையாகக் கார்பாலிக் அமிலத் துணி கட்டியிருந்தார்.

வாசலில் மட்டும் வைத்தால் போதாது என்று 1847-இல் பதினொரு உயிர் போய்த் தெரிந்த பாடத்தை, 1990-களில் ஜெனீவா மருத்துவமனை கையில் எடுத்தது. கை கழுவும் தொட்டி தூரத்தில் இருக்க, ஆல்கஹால் கரைசல் பாட்டிலைக் கட்டிலருகிலேயே வைத்தார்கள். சுவரொட்டிகளும் இடைவிடாத கண்காணிப்பும் சேர்ந்துகொண்டன. 1994-இல் நூற்றுக்கு 48 முறை கை சுத்தம் செய்த ஊழியர்கள், 1997-இல் 66 முறை செய்தார்கள்.