பரங்கிப்பேட்டையில் இரும்பு காய்ச்சிய துரை
எருக்கிலையில் பாடம் படித்தவர்! உலகுக்கு நல்ல உருக்கு தந்தவர்! வறுமையில் மாண்டார்!

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. மீன்பிடிக்கும் ஊர். ஒரு காலத்தில் அங்கே பெரிய இரும்பு உலைகள் எரிந்தன.

அவற்றை அமைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். இங்கிலாந்துக்காரர். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. சேலம் பகுதியில் வேலை பார்த்தார்.

கறுப்புக் கல்

சேலத்துக்கு அருகே கஞ்சமலை இருக்கிறது. அங்கே கிடைக்கும் கறுப்புக் கல்லைக் காந்தம் இழுக்கும். இரும்பும் பிராண வாயுவும் சேர்ந்த கல் அது. கரி நெருப்பில் இட்டால், கரி பிராண வாயுவைப் பிரித்துக்கொண்டு போய்விடும். இரும்பு மிஞ்சும்.

நம் நாட்டுக் கொல்லர்கள் இதைப் பரம்பரையாகச் செய்துவந்தார்கள். இரும்புத் துண்டுடன் ஆவாரங்குச்சியை மண் குகையில் வைப்பார்கள். எருக்கிலையால் மூடுவார்கள். வாயை மண்ணால் அடைத்துச் சூடேற்றுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி இரும்பில் சேரும். இரும்பு உருக்காகிவிடும்!

ஹீத் இதைப் பார்த்து வியந்தார். பழைய எகிப்தியர் கல்லைச் செதுக்கிய உளிகள்கூட இந்திய உருக்கினால் ஆனவை என்று கருதினார். அதைக் கட்டுரையாகவும் எழுதினார்.

வேலையை விட்டார்

1825-இல் உத்தியோகத்தை விட்டார். சீமைக்குப் போய்த் தொழில் கற்றார். 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலை எழுந்தது. அரசாங்கம் கடன் கொடுத்தது.

கப்பலேற்றத் துறைமுகம் பக்கத்தில் இருந்தது. ஆனால் கல் வரவேண்டியது சேலத்திலிருந்து! ஆற்று வழியே படகுகளில் வந்தது. கரிக்காகக் காடுகள் அழிந்தன. விறகு எட்டப் போகப் போகச் செலவு ஏறியது.

ஈரமும் ஒரு பகை. இரும்புக் கல்லின் மேலும் துருவின் மேலும் காற்றிலுள்ள நீர், கண்ணுக்குத் தெரியாத படலமாய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் துருப்பிடித்த ஆணி மேலும் மேலும் துருப்பிடிக்கிறது. கடற்காற்றில் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் இரும்பு உயர்ந்த ரகம். இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. வேல்ஸ் நாட்டில் 1850-இல் திறந்த பிரிட்டானியா பாலத்திலும் அது சேர்ந்தது என்று சொல்வார்கள். ஆலைக்கு மட்டும் லாபம் இல்லை.

கண்டுபிடிப்பும் வழக்கும்

ஹீத் இங்கிலாந்து திரும்பினார். உருக்கில் கரி சேர்ந்த மாங்கனீஸைச் சிறிது கலந்தால், அது உறுதியாகும், நன்றாக ஒட்டும் என்று கண்டார். 1839-இல் உரிமைப் பட்டயம் பெற்றார். அதுவரை நல்ல உருக்குக்கு வெளிநாட்டு இரும்பு வாங்கிய ஆலைகள், உள்நாட்டு இரும்பையே பயன்படுத்த முடிந்தது. உருக்கின் விலை இறங்கியது.

பிறகு இன்னும் மலிவான வழி கண்டார். மாங்கனீஸ் தாதுவையும் கரிப் பொருளையும் நேரே குகையில் போட்டால் போதும். அதை நம்பிக்கையோடு மற்றவர்களுக்கும் சொன்னார். வந்தது வினை!

அவருடைய ஏஜெண்டாக இருந்த அன்வின், புது வழி பட்டயத்தில் இல்லை என்று சொல்லிப் பணம் தராமலே அதைப் பயன்படுத்தினார். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கைப்பொருள் கரைந்தது. 1851-இல் ஹீத் ஏழையாக இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை தந்த இறுதித் தீர்ப்பும் அன்வினுக்கே சாதகம்!

1870-கள் முடிவதற்குள் பரங்கிப்பேட்டை உலைகளும் அவிந்துவிட்டன.

மிஞ்சியது என்ன?

ஹீத் பிராணிகளையும் சேகரித்தார். மஞ்சள் வௌவால் ஒன்றுக்கு 1831-இல் அவர் பெயரையே விஞ்ஞானிகள் சூட்டினார்கள். அது இன்றும் வழங்குகிறது.

அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் நம் வீட்டிலேயே இருக்கிறது. இன்று வார்க்கும் உருக்கில் பெரும்பாலும் மாங்கனீஸ் உண்டு. அரிவாளும் தண்டவாளமும் அந்த மனிதரின் உழைப்பைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன.