டென்னிஸ் ரிட்சி: பழம்பொறியில் பூத்த புதுமை

நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில், ஆலமரங்கள் நிழல் விரிக்கும் சிறியதொரு புகைவண்டி நிலையத்தை உடைய ஊர் எங்கள் முதலமடை. மாங்கனிக்குப் பெயர் பெற்ற ஊர். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மாந்தோப்பு வேலை தேடி அங்குக் குடியேறியவர்கள் என் பெற்றோர். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கையில், என் தந்தையார் பொள்ளாச்சியில் பழைய விலைக்கு ஒரு கணிப்பொறி வாங்கி வந்தார். பென்டியம் மூன்று வகையைச் சேர்ந்தது. நினைவகம் 256 மெகாபைட்டு. வாங்கிய நாளிலேயே அதற்கு வயதாகியிருந்தது. இப்போதோ, இயக்கினால் அரைமணி நேரம் முனகிவிட்டு அப்படியே நின்றுவிடும். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றார் தந்தையார். தங்கை ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். வீட்டில் பழகிப் பார்க்க அவளுக்கு வேறு பொறி இல்லை. ஆகவே நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். யூனிக்சு வழிவந்த நெட்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தைக் குறுந்தட்டில் பதிந்து கொண்டுபோய் அதில் நிறுவத் தொடங்கினேன்.

நிறுவும்போது, வட்டில் உள்ளதெல்லாம் அழியும், தொடரலாமா என்று பொறி கேட்கத்தான் செய்தது. நான் சற்றும் எண்ணிப் பாராமல் ஆம் என்றேன். தோப்பில் வேலை செய்தோரின் மூன்றாண்டுக் கூலிக் கணக்கை என் தந்தையார் அதிலேதான் வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும்!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் இந்த அமைப்பை ஆக்கியவர் யார், அவர் எத்தகைய மனிதர் என்ற எண்ணமே சுழன்றது. அவ்வாறு நான் தேடிக் கற்ற வாழ்க்கை இது.

டென்னிஸ் ரிட்சி 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் பிரான்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அலிஸ்டர் ரிட்சி, பெல் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசி இணைப்புச் சுற்றுகளை ஆய்ந்த அறிஞர். மகன் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நம்மில் சிலரைப்போல் இயற்பியல் பயின்றார். பின்னர்க் கணிதத் துறையில் மேலாய்வு செய்தார். 1967இல் தந்தை பணிபுரிந்த அதே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்காக இரவெல்லாம் விழித்திருக்கும் தோழர்கள் இதைக் கேட்க வேண்டும். 1968இல் ரிட்சி தம் ஆய்வேட்டை எழுதி முடித்தார். ஆனால் கட்டடம் செய்த படி ஒன்றை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்னும் விதியை அவர் நிறைவேற்றவில்லை. ஆகவே டாக்டர் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை! அவ்வேட்டின் படி உலகின் பார்வைக்கு வந்தது 2020ஆம் ஆண்டில்தான். பட்டத்தை நாடியே பல்கலைக்கழகம் புகுந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றும். ஒப்படைக்காமல் விடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. பட்டம் வேறு, பணி வேறு என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அக்காலத்தில் பெல் ஆய்வுக்கூடம், எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகிய மூன்றும் சேர்ந்து மல்டிக்சு என்னும் மாபெரும் இயங்குதளத்தை உருவாக்க முயன்றன. காலமும் பொருளும் கரைந்தன, வேலையோ முடிந்தபாடில்லை. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் விலகிக்கொண்டது. ரிட்சியும் அவர் நண்பர் கென் தாம்சனும் நல்ல பொறி இன்றி நின்றார்கள். அப்போது தாம்சன் கண்ணில் பட்டது, அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்னும் பழைய பொறி. அதன் நினைவகம் 18 பிட்டுச் சொற்கள் எட்டாயிரத்துச் சொச்சம். இன்றைய அளவில் வெறும் 18 கிலோபைட்டு! எங்கள் வீட்டுப் பழம்பொறியின் நினைவகம் அதைப்போல் 14,000 மடங்குக்கும் மேல். அந்தச் சிற்றிடத்தில் தாம்சன் எழுப்பிய அமைப்பே யூனிக்சு. கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையை வகுப்பதில் ரிட்சி துணை நின்றார். கருவிகளையும் கோப்புகளைப் போலவே கையாளலாம் என்னும் அரிய எண்ணம் அவருடையது.

ஆம், தோழர்களே! பிறர் ஒதுக்கிய பொறியில்தான் யூனிக்சு பிறந்தது. பழம்பொறியில் யூனிக்சை நிறுவுகிறவர்கள் அதை அதன் பிறந்த வீட்டுக்கே அழைத்துச் செல்கிறார்கள்.

புதிய பொறி ஒன்று வேண்டுமே! காப்புரிமைப் பிரிவினருக்கு ஆவணங்களைச் செப்பனிட்டுத் தரும் அமைப்பை ஆக்கித் தருவதாகக் கூறி, 1970இல் பிடிபி-11 பொறியைப் பெற்றனர். ஆனால் ஒரு பெருந்துன்பம் இருந்தது. அந்நாளில் இயங்குதளங்கள் பெரும்பாலும் அந்தந்தப் பொறிக்கே உரிய மொழியில் எழுதப்பட்டன. பொறி மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். பொறி செத்தால் உழைப்பும் உடன்கட்டை ஏறும். இதனை மாற்றியது ரிட்சியின் கைவண்ணம். தாம்சன் வகுத்த பி என்னும் மொழியை வளர்த்து, 1971க்கும் 1973க்கும் இடையே சி மொழியை ஆக்கினார். பொறியின் அருகிலேயே நிற்கும். ஆயினும் எந்த ஒரு பொறிக்கும் அடிமையாகாது. 1973இல் யூனிக்சின் கருப்பகுதி சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. 1977இல் ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் முற்றிலும் வேறான இன்டர்டேட்டா 8/32 என்னும் பொறிக்கு அதை மாற்றும் பணியில் இறங்கி வென்றனர்.

தொலைபேசிக்கு வெளியே வாணிகம் செய்யலாகாது என 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பாணை ஏடி அண்டு டி நிறுவனத்தைக் கட்டியிருந்தது. ஆகவே யூனிக்சு அதன் மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குச் சிறு தொகைக்கே சென்றது. மாணவர்கள் படித்தார்கள், திருத்தினார்கள், கூட்டினார்கள். பெர்க்கிலியில் பிஎஸ்டி கிளை தழைத்தது. அதன் வழியில் 1993இல் நெட்பிஎஸ்டி வந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்சை முன்மாதிரியாகக் கொண்டு, புதிதாகவே எழுதத் தொடங்கிய லினக்சும் சி மொழியில் ஆனதே. கேரளப் பள்ளிகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின்கீழ் என்போன்ற தமிழ்வழி மாணவர் தொட்டுப் பழகிய முதற்கணிப்பொறி லினக்சில்தான் ஓடியது. உங்கள் சட்டைப்பையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியின் உள்ளேயும் அதுவே உறைகிறது.

1978இல் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து அவர் எழுதிய சி மொழி நூல் உலகெங்கும் பாடமாயிற்று. 1983இல் தாம்சனோடு டூரிங் விருது பெற்றார். 2007இல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12ஆம் நாள், நியூ செர்சியில் தனித்து வாழ்ந்த தம் இல்லத்தில் இறந்து கிடக்கக் காணப்பட்டார், வயது 70. அதற்கு ஒரு வாரம் முன்னர் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது உலகமே கண்ணீர் விட்டது. ஜாப்சின் கருவிகளுக்குள்ளும் யூனிக்சின் வழிமரபு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரிட்சியின் மறைவைத் தெருவில் சென்றவர் அறியவில்லை. வேர் மறைந்திருப்பது இயல்புதானே!

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். தந்தையார் மறுநாள் காலை பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினார். உள்ளே மூன்று குறிப்பேடுகள்! பொறியில் ஏற்றுமுன் கையால் எழுதியவை. தங்கை வாசிக்க, நான் தட்ட, நான்கு இரவுகளில் கணக்கு முழுதும் ஏறியது. அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துத் தோன்றாததால், ஆட்களின் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுத நேர்ந்தது. அது ஒன்றே குறை. கூட்டுத்தொகையை ஆக் என்னும் சிறுகருவி நொடியில் தந்தது. அதுவும் அதே பெல் ஆய்வுக்கூடத்தில் 1977இல் பிறந்ததே. தந்தையார் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தார். ஓரிடத்தில் அவரே ஓர் ஆளுக்கு இரண்டு நாட் கூலியைக் குறைத்துக் கூட்டியிருந்தார். அன்று மாலையே அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு அவ்வாள் வீட்டுக்கு நடந்தார்.

தங்கை இப்போது அப்பொறியில் சி மொழி பழகுகிறாள். தோழர்களே, உங்கள் விடுதி மூலைகளிலும் ஊர்ப் பரண்களிலும் எத்தனை பொறிகள் உறங்குகின்றனவோ! இரும்புக்காரரை அழைக்குமுன் என்னை அழையுங்கள். நிறுவித் தருகிறேன், படிக்கும் பிள்ளை ஒருவர் கைக்கு அது போகட்டும். ஆனால் ஒன்று: வட்டில் உள்ளதை முதலில் படியெடுத்து வையுங்கள். பொறி கேட்கும்போது எண்ணிப் பார்த்து ஆம் என்று சொல்லுங்கள்!