லவ்ஜி நசர்வான்ஜி வாடியா

லவ்ஜி நசர்வான்ஜி வாடியா (1702 – 1774) பம்பாயில் பணியாற்றிய பார்சி கப்பல் கட்டுநர் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகக் கப்பல்களைக் கட்டவும் பழுதுபார்க்கவும் பம்பாயில் உலர் துறைகளை அமைத்தவர் இவரே. வாடியா என்பது குஜராத்தி மொழியில் கப்பல் கட்டுவோரைக் குறிக்கும்.

பம்பாய் வருகை

லவ்ஜி சூரத்துக்கு அருகிலுள்ள சிகன்பூரில் பிறந்தார். சூரத்தில் கப்பல் தச்சராகப் பணிபுரிந்தார். கம்பனிக்காக அங்கு 'குயின்' என்ற கப்பல் கட்டப்பட்டபோது, இவரது திறமை கம்பனி அலுவலர்களின் கவனத்தை ஈர்த்தது. அவர்களின் அழைப்பை ஏற்று, 1736 இல் தச்சர்கள் சிலருடன் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார்.

பழுதுபார்ப்பின் தேவை

மரக்கப்பல்களுக்கு வெப்பக் கடல்களில் பெரும் பகையாக இருந்தது கப்பல் புழு ஆகும். இது பலகைகளைத் துளைத்து உட்புறத்தை அரித்துவிடும். அடிப்பகுதியில் ஒட்டும் கொட்டலசுகளும் பாசியும் கப்பலின் வேகத்தைக் குறைத்தன. உலர் துறை இல்லாத இடங்களில், சரக்கை இறக்கிவிட்டுக் கப்பலை ஆழமற்ற நீரில் ஒரு பக்கமாகச் சாய்த்து வேலை செய்தனர். இதனால் சட்டகம் நெளிந்து மூட்டுகள் தளர்வதுண்டு. அடிக்கட்டை வரை சீராக்குவதும் கடினம். பழுதான அடிப்பகுதியுடன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்து திரும்புவது மாலுமிகளின் உயிருக்கே ஆபத்தானது.

உலர் துறைகள்

1750 இல் லவ்ஜியின் முயற்சியால் பம்பாயில் முதல் உலர் துறை கட்டி முடிக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆசியாவில் அமைத்த முதல் உலர் துறை இதுவாகும். பம்பாய்க் கடலில் பெரிய ஓதங்களின்போது நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இவ்வியல்பே துறைக்குத் துணையாக அமைந்தது. ஓதம் ஏறும்போது கப்பல் உள்ளே மிதந்து வரும். நீர் வற்றியதும் கப்பல் முட்டுகளின் மேல் நிற்கும். கதவு மீண்டும் நீர் புகாமல் தடுக்கும். அதன்பின் தச்சர்கள் அரித்த பலகைகளை மாற்றி, இடுக்குகளில் நார் திணித்துக் கீல் பூசுவர்.

1762 இல் இரண்டாவது துறையும் 1765 இல் மூன்றாவது துறையும் கட்டப்பட்டன. லவ்ஜி கப்பல் வேலைக்கு மலபார்த் தேக்கைப் பயன்படுத்தினார். தேக்கு எளிதில் உளுக்காது. கருவாலி மரத்தைப் போல இரும்பு ஆணிகளை அரிப்பதுமில்லை.

1782 இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை ஆகிய இடங்களுக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படையுடன் போரிட்டுச் சேதமடைந்த ஆங்கிலேயக் கப்பல்கள், அவ்வாண்டின் இறுதியில் பம்பாய்க்கே சென்று செப்பனிடப்பட்டன.

இறப்பும் வழித்தோன்றல்களும்

லவ்ஜி 1774 இல் காலமானார். நாற்பதாண்டுகளுக்கு அண்மித்த பணிக்குப் பின், ஒரு வீட்டையும் சிறிதளவு பணத்தையும் மட்டுமே விட்டுச் சென்றார். ஆனால் தொழிலறிவு குடும்பத்தில் தொடர்ந்தது. பேரர்களான பிராம்ஜி மானெக்ஜி, ஜம்சட்ஜி போமன்ஜி ஆகியோர் சாதாரணத் தச்சர்களாகவே வேலையைத் தொடங்கிப் பின்னர் தலைமைக் கட்டுநர்களாயினர். ஜம்சட்ஜி 1817 இல் கட்டி முடித்த 'திருகோணமலை' என்னும் பெயருடைய போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அருங்காட்சியகக் கப்பலாகப் பாதுகாக்கப்படுகிறது. வழித்தோன்றலான அர்தசீர் கர்செட்ஜி 1841 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரான முதல் இந்தியர் ஆவார். இன்றைய மும்பைக் கடற்படைக் கப்பல் தளம் லவ்ஜி அமைத்த துறைகளிலிருந்து வளர்ந்ததாகும்.