கணித மேதை இராமானுஜன்

வானளாவ உயர்ந்து நிற்கும் கோபுரமொன்றின் உயரத்தை அறிய அதன் உச்சிக்கு ஏறி நூல் விட்டுப் பார்க்க வேண்டுவதில்லை. தரையில் ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து கோபுரத்தின் அடிவரை உள்ள தொலைவையும், உச்சியை நோக்கும் பார்வைக்கோடு தரையோடு அமைக்கும் கோணத்தையும் அளந்துகொண்டால் போதும், உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இங்ஙனம் முக்கோணத்தின் கோணங்களுக்கும் பக்கங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் கணிதப் பிரிவே திரிகோணமிதி எனப்படும். கல்லூரி மாணவர்க்குரிய திரிகோணமிதியைப் பள்ளிச் சிறுவராய் இருந்தபோதே கற்றுத் தேர்ந்து, பின்னர்க் கல்லூரித் தேர்விலேயே தோல்வியுற்று, முடிவில் உலகம் போற்றும் கணித மேதையாய் விளங்கியவர் சீனிவாச இராமானுஜன் ஆவார்.

இவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியாரின் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதி வந்தார், தாயார் கோமளத்தம்மாள். பதினொரு நிலைக் கோபுரம் ஓங்கி நிற்கும் சாரங்கபாணி கோயிலின் சந்நிதித் தெருவில் இவர்களது சிறிய வீடு இருந்தது. வருவாயோ குறைவு. எனினும், மகனின் கல்விக்குப் பெற்றோர் குறை வைத்தாரில்லை. 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வராய் வந்த இராமானுஜன், மறு ஆண்டில் நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார்.

நான்காம் படிவத்தில் பயிலுங்கால், அண்டை வீட்டில் இருந்த பி.ஏ. வகுப்பு மாணவர் ஒருவரிடமிருந்து லோனி என்பார் எழுதிய திரிகோணமிதி நூலின் இரண்டாம் பகுதியை அவர் இரவலாகப் பெற்றார். அப்பகுதி கல்லூரி மாணவரையும் திணறச் செய்வது. சிறுவரோ அதனை முற்றும் படித்து முடித்ததோடன்றி, அதிலுள்ள கணக்குகள் அனைத்தையும் எவர் துணையுமின்றிச் செய்தும் முடித்தார். நூலைத் தந்த மாணவர் வியப்பில் ஆழ்ந்தார். பின்னர்த் தமக்கு ஐயம் எழும்போதெல்லாம் அச்சிறுவரையே நாடலாயினார்.

அந்நூலில் அப்படி என்ன அருமை உளது என நீங்கள் வினவலாம். செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணத்தின் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுக்கக் கிடைப்பதே அக்கோணத்தின் சைன் என்று பள்ளியிற் கற்கிறோம். ஆனால், முக்கோணமே வரையாமலும் அதனைக் காணலாம். கோணத்தை ரேடியன் என்னும் அளவையால் குறித்துக்கொள்க. அவ்வெண்ணிலிருந்து அதன் மும்மடிப் பெருக்கத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்து, ஐம்மடிப் பெருக்கத்தில் நூற்றிருபதில் ஒரு பங்கைக் கூட்டி, இவ்வாறே கழித்தும் கூட்டியும் முடிவின்றிச் சென்றால் சைனின் மதிப்பு கிடைக்கும். 30 பாகைக் கோணம் ஏறத்தாழ 0.5236 ரேடியன் ஆகும். அதிலிருந்து 0.0239ஐக் கழித்து 0.0003ஐக் கூட்டிப் பாருங்கள். மூன்றே உறுப்புகளில் விடை அரை என வந்துவிடும். முக்கோணத்துள் அடங்கிக் கிடந்த ஒன்று முடிவிலாத் தொடராய் விரிவதைக் கண்ட இளநெஞ்சம் அதில் மயங்கி நின்றதில் வியப்பில்லை.

ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, சைன், கோசைன் ஆகியவை பற்றிய சில தேற்றங்களை இராமானுஜன் தாமாகவே கண்டறிந்தார். புதிதாக ஒன்று கண்டோம் எனப் பூரித்தார். ஆயின், ஆய்லர் என்னும் ஐரோப்பியக் கணித அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவற்றை நிறுவிவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்தார். அவர்தம் உள்ளம் நாணியது. எழுதிய தாள்களைச் சுருட்டி வீட்டுக் கூரையிற் செருகி மறைத்துவிட்டார்.

மாணவர்களே, அவர் நாணியிருக்க வேண்டுவதில்லை. மேலே கூறிய சைன் தொடரை 17ஆம் நூற்றாண்டில் நியூட்டன் கண்டார். அவருக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டில், கேரளத்துச் சங்கமகிராம மாதவர் அதனைக் கண்டிருந்தார். அதனால் நியூட்டனின் பெருமை குறைந்துவிடவில்லை. முன்னோர் சென்ற மலையுச்சிக்கு வழிகாட்டியின்றித் தானே ஏறிச் சென்றவன், அதற்கு அப்பாலுள்ள சிகரத்துக்கும் ஏறும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறான்.

1903இல், ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளைத் தொகுத்துரைக்கும் கார் என்பாரின் நூல் இவர் கைக்குக் கிட்டியது. அன்று முதல் கணிதமே உணவாயிற்று. 1904இல் மெட்ரிகுலேசன் தேர்வில் வென்று, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். ஆனால் ஏனைய பாடங்களை அறவே புறக்கணித்தார். ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை நின்றது. வறிய குடும்பத்திற்கு அஃது ஓர் இடி. மானம் பொறாது வீட்டாருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்று மீண்டார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்வில் தவறினார்; மறு ஆண்டும் தவறினார். கல்லூரி வாயில் அவருக்கு அடைபட்டது.

பின்வந்த ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் துடைத்துத் துடைத்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டிற் பதித்தார். அக்குறிப்பேடுகளைக் கண்ட வி. இராமசாமி ஐயர், ஆர். இராமச்சந்திர ராவ் முதலிய பெருமக்கள் அவர்தம் அருமையை உணர்ந்து ஆதரித்தனர். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அவற்றுட் சில முன்பே அறியப்பட்டவை. பலவோ ஹார்டியும் அதுவரை கண்டிராதவை. அவரது அழைப்பை ஏற்று, 1914 மார்ச்சில் இராமானுஜன் கப்பலேறினார்.

எஃப்.ஏ. தேறாத அவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக 1916இல் பி.ஏ. பட்டம் அளித்தது. 1918இல் அவர் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அவ்வாண்டிலேயே திரிகோணமிதிக் கூட்டுத்தொகைகள் சிலவற்றையும், எண் கணிதத்தில் அவை பயன்படும் திறத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சிறுவயதில் நாணிக் கூரையில் ஒளித்த அதே கோசைன்கள், இப்போது எவரும் காணாத வகையில் முழு எண்களின் மறைபொருளை வெளிப்படுத்தின. அக்கூட்டுத்தொகைகள் இராமானுஜன் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன.

இங்கிலாந்தின் குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் அவர்தம் உடலை நலிவித்தன. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். நோயின் நடுவிலும் இறுதிவரை அவர் கணிதத்தை மறந்தாரில்லை. அவர் பிறந்த நாள் 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பிற பாடங்களைப் புறக்கணித்து அவர் அடைந்த அல்லல் நமக்கு ஓர் எச்சரிக்கை. ஆனால், தேர்வில் தோற்றவன் அறிவிலும் தோற்றவன் என எண்ணுதல் பேதைமை என்பதையும் அவர் வாழ்வு உணர்த்துகிறது. நீங்கள் முயன்று கண்ட ஒன்றைப் பிறர் முன்னரே கண்டிருப்பின் நாணற்க. அத்தாளைக் கூரையில் ஒளிக்க வேண்டா. அதனை ஆசிரியரிடம் காட்டி, அடுத்த தாளை எழுதத் தொடங்குங்கள்.