புதுவழி தேடிய பரிதிமாற் கலைஞர்

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள சிற்றூர் விளாச்சேரி. இன்று கொலுப் பொம்மைகளால் பலரும் அறிந்த அவ்வூரில், கோவிந்த சிவனார், இலட்சுமி அம்மாள் இணையருக்கு மகனாக 1870ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் பிறந்தவர் சூரியநாராயண சாஸ்திரியார். தந்தையாரிடம் வடமொழியும், மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழும் பயின்றார்.

பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இளங்கலை பயின்று, தமிழிலும் மெய்யியலிலும் பல்கலைக்கழக அளவில் முதன்மை பெற்றார். அத்தகுதிக்கு வேறு பணிகள் கிட்டியிருக்கும். அவரோ 1893இல் அக்கல்லூரியிலேயே தமிழ்ப்பணியை விரும்பி ஏற்றார்.

பாடம் நடத்தி எஞ்சிய பொழுதில் அவர் கைவைக்காத துறை இல்லை எனலாம். ஆங்கிலத்தில் பதினான்கு அடிகளில் அமையும் 'சானட்' என்னும் பாவகையைத் தமிழில் எழுதிப் பார்த்தார். தமிழ் யாப்புக்கு அது முற்றிலும் புதியது. தம் பெயருக்காக எவரும் புகழ வேண்டா, பாட்டின் தகுதி மட்டுமே மதிப்பிடப்படட்டும் எனக் கருதி, சூரியனைப் பரிதி எனவும் நாராயணனை மால் எனவும் சாஸ்திரியைக் கலைஞர் எனவும் மாற்றி, பரிதிமாற் கலைஞர் என்னும் புனைபெயரில் அவற்றை வெளியிட்டார். அவையே 'தனிப்பாசுரத் தொகை' என நூலாயின, ஜி.யு. போப் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆயினும் அவ்வடிவம் தமிழில் வேரூன்றவில்லை. பின்வந்த புலவருள் அதனைத் தொடர்ந்தோர் மிகச் சிலரே.

நாடகத்திலும் ஏறக்குறைய இதுவே நிகழ்ந்தது. 'ரூபாவதி', 'கலாவதி', 'மானவிஜயம்' ஆகியவற்றை இயற்றினார். பண்டை நாடக இலக்கண நூல்கள் மறைந்தொழிந்தமையால், தாமே 'நாடகவியல்' என்றோர் இலக்கணமும் யாத்தார். அந்நாடகங்களை இன்று மேடையில் காண்பது அரிது. 'மதிவாணன்' என்னும் புதினத்தையும் கற்பவர் குறைவு. முப்பத்துமூன்று ஆண்டுகளே வாழ்ந்த ஒருவர் இவற்றில் செலவிட்ட காலம் வீணா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

ஆனால் 1902இல் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்க முற்பட்டபோது, மு.சி. பூரணலிங்கனாருடன் சேர்ந்து அதனை எதிர்த்து நின்றவர் இவரே. அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழின் தகுதியை எடுத்துரைக்க, ஏட்டில் கற்றது மட்டுமன்றி எழுதிப் பார்த்து அறிந்ததும் அவரிடம் இருந்தது. அயல்நாட்டுப் பாவடிவத்தையும் நாடகத்தையும் புதினத்தையும் இம்மொழி எவ்வளவு தாங்கும் எனக் கண்டவர் அல்லரோ! அவ்வறிவோடு எழுதிய 'தமிழ்மொழியின் வரலாறு' என்னும் நூலில், தமிழ் உயர்தனிச் செம்மொழி என நிறுவினார்.

என்புருக்கி நோயுற்று 1903ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் மறைந்தார். அதன்பின் 101 ஆண்டுகள் கழித்து, 2004இல் நடுவண் அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. விளாச்சேரியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாகத் திகழ்கிறது.