பண்டிதமணி கதிரேசச் செட்டியார்

வலையபட்டிக்கு அணித்தாகிய மேலைச்சிவபுரியில் 1909-ஆம் ஆண்டு சன்மார்க்க சபை தோன்றக் காரணராயிருந்த பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார், மகிபாலன்பட்டியில் 1881-இல் பிறந்தனர். இளம்பிள்ளைவாதத்தாற் கால் நலிந்து, ஊன்றுகோல் கொண்டே நடந்தனர். திண்ணைப் பள்ளியிற் பயின்றது ஏழு திங்களே. வணிகத்தின்பொருட்டு இலங்கை சென்று மீண்டபின், தம் முயற்சியாற் செந்தமிழும், ஆசிரியரை அடுத்து வடமொழியுங் கற்றனர்.

அக்கல்வியின் பயனாக, சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிக நாடகம் மண்ணியல் சிறுதேர் எனத் தமிழிற் பிறந்தது. வறுமையிலும் பண்பு குன்றாத சாருதத்தனையும், அடியுண்டுங் கொலைசெய்ய மறுத்த அடிமை முடிவில் விடுதலை பெறுதலையும் அதிற் காண்கின்றோம். பொருளாலன்று, ஒழுக்கத்தாலேயே மனிதன் உரிமையுடையனாகின்றான் என உணர்கின்றோம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, 1942-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்று, 1953-இல் மறைந்தனர். கல்லூரி வசதி யாவும் வாய்த்த நாம் அந்நூலைப் படியாதிருத்தற்கு என்ன காரணங் கூறவல்லோம்?