வாயில்லா ஜீவன்களுக்காக அவையில் ஒரு குரல்: ருக்மிணி தேவி அருண்டேல்



தேர்தல் என்றாலே நம் ஊர்களில் பேச்சு களைகட்டிவிடும். ஆலத்தூர் நாட்டிலும் அப்படித்தான். எந்தக் கட்சி, எந்தச் சின்னம், யார் என்ன தருவதாகச் சொன்னார் என்று டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பேசுகிறோம். ஆனால் வேட்பாளர் ஏற்கெனவே சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ இருந்தவர் என்றால், அங்கே அவர் யாருக்காகப் பேசினார், என்ன சட்டம் கொண்டுவந்தார் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ள ஒரு பெண்மணியின் வாழ்க்கை நமக்கு உதவும். நாட்டியக் கலைஞர் என்றே நாம் அறிந்திருக்கும் ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர்.

1977-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்த மாதமே நடந்த பொதுத்தேர்தலில் ஜனதா கட்சி வென்று மொரார்ஜி தேசாய் பிரதமரானார். குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிற்க வேண்டும் என்று ருக்மிணி தேவியை அவர் கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி அதை ஏற்கவில்லை. பின்னர் நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ருக்மிணி தேவி இசைந்திருந்தால், பிரதிபா பாட்டீலுக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண், அதுவும் ஒரு தமிழ்ப் பெண், அந்தப் பதவியில் அமர்ந்திருக்கக்கூடும்.

அப்படி அவர் நின்றிருந்தால் எதை வைத்து அவரை எடை போட்டிருப்பார்கள்? நாட்டியத்தை வைத்தா, அல்லது பத்தாண்டுகள் மாநிலங்களவையில் அவர் ஆற்றிய பணியை வைத்தா?

மதுரையிலிருந்து அடையாறு வரை

ருக்மிணி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித்துறைப் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்ட அவர், பணி ஓய்வுக்குப் பின் குடும்பத்தோடு அடையாறில் குடியேறினார். அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்பு ருக்மிணிக்குக் கிடைத்தது. 1920-ல் 16 வயதில் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண் வெளிநாட்டவரை மணந்தது சென்னை நகரில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. எதிர்ப்பைத் தாங்கிக்கொள்ளும் பழக்கம் அந்த இளம் வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது.

ருசிய நாட்டின் புகழ்பெற்ற நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு, அவரை நடனத்தின் பக்கம் திருப்பியது. தாய்நாட்டுக் கலையைக் கற்க விரும்பி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் ஆட்டம் பயின்றார். 1935-ல் மேடை ஏறினார். 1936-ல் அவர் நிறுவிய கலைப்பள்ளியே பின்னர் கலாக்ஷேத்ரா ஆனது. உ.வே.சாமிநாத ஐயர் பெயரால் 1943-ல் நூலகம் தொடங்கவும் அவரே முன்நின்றார். ஆனால் இசைவேளாளர் குலப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலையை அவர் மாற்றியமைத்த விதத்தில், அந்தப் பெண்களே ஓரங்கட்டப்பட்டார்கள் என்ற குறை அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. ஒருவரை மதிப்பிடும்போது இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1945-ல் கணவர் காலமானார். கலாக்ஷேத்ராவின் பொறுப்பு முழுவதும் இவர் தோளில் விழுந்தது.

மாநிலங்களவையில்

1952-ல் மாநிலங்களவை முதன்முதலாகக் கூடியது. இலக்கியம், அறிவியல், கலை, சமூகப்பணி ஆகியவற்றில் சிறந்த 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்பது அரசியல் சட்டம். முதல் நியமனத்திலேயே ருக்மிணி தேவி இடம்பெற்றார். 1956-ல் மீண்டும் நியமிக்கப்பட்டு 1962 வரை உறுப்பினராக இருந்தார்.

கலைஞர் என்ற முறையில் அவையில் அமர்ந்தவர் கலைக்கு மானியம் கேட்பார், அகாடமிகளைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் 1953-ல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுப்பதற்கானது. அப்போது நடைமுறையில் இருந்தது 1890-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். அதில் பல ஓட்டைகள் இருந்தன. அதை அகற்றிவிட்டு விரிவான ஒரு சட்டம் வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை.

தனிநபர் மசோதா என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் ஒரு மசோதாவை முன்வைக்கலாம். ஆனால் அது சட்டமாவது அரிதினும் அரிது. சுதந்திரம் பெற்றது முதல் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள் மட்டுமே சட்டமாகியுள்ளன. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல். ஆகவே ருக்மிணி தேவி தொடங்கியது எளிதான காரியமல்ல.

1954-ல் மசோதா விவாதத்துக்கு வந்தது. பிரதமர் நேருவே எழுந்து பேசினார். நோக்கத்தைப் பாராட்டினார். அதே வேளையில் இதை அரசே ஆராய்ந்து உரிய சட்டம் கொண்டுவரும் என்று கூறி, மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி திரும்பப் பெற்றார். அரசு ஒரு குழுவை அமைத்தது. பழைய சட்டத்தின் குறைகளைச் சுட்டிக்காட்டிய அந்தக் குழு புதிய சட்டத்தைப் பரிந்துரைத்தது. 1960-ஆம் ஆண்டு இறுதியில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்படி 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டபோது அதற்கு அவரே தலைவரானார். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் இறக்கும்வரை அந்தப் பணியில் இருந்தார்.

எப்படி மதிப்பிடுவது?

வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் பெயரில் நிறைவேறிய சட்டம் ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்த மசோதாவையும் திரும்பப் பெற்றுவிட்டார். அரசியல் எதிரி ஒருவர் 1977-ல் துண்டறிக்கை அச்சிட்டிருந்தால் இதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்.

ஆனால் பதிவேட்டை முழுமையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. தன் பெயர் சட்டத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் மசோதா வாக்கெடுப்பில் தோற்றிருக்கலாம். பெயரை விட்டுக்கொடுத்தார், காரியத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்குள் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று ஒதுங்காமல், அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை ஏறக்குறைய 24 ஆண்டுகள் சுமந்தார். இது ஒரு சட்டமன்றவாதியின் பெரிய தகுதி அல்லவா?

இன்னொன்றும் உண்டு. மாடும் கழுதையும் வாக்களிக்காது. மாலை போடாது, நன்கொடை தராது. அவற்றுக்காகப் பேசுவதால் எந்த அரசியல் ஆதாயமும் கிடைக்காது. அந்த நிலையிலும் ஒருவர் பேசுகிறார் என்றால், அவர் உள்ளத்தில் எது இருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது.

குறைகளையும் பார்க்க வேண்டும். நிறைவேறிய சட்டம் அறிவியல் ஆய்வுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதை முற்றாகத் தடுக்கவில்லை, கட்டுப்படுத்தவே செய்தது. சமயம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று விலக்கும் அளித்தது. தண்டனையோ மிக அற்பம். பொதுவான கொடுமைகளுக்கு முதல் தடவை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது, பல பத்தாண்டுகளாகியும் உயர்த்தப்படவில்லை. ஒரு தேநீரும் வடையும் வாங்கும் பணத்தில் ஒரு கொடுமையைத் தீர்த்துவிடலாம் என்றால் யார் அஞ்சுவார்கள்? அவர் நியமன உறுப்பினர் என்பதால் வாக்காளர் முன் நின்று பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருக்கவில்லை.

ஆயினும் அந்தச் சட்டம் செத்த எழுத்தாகிவிடவில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது இந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில்தான். 2017-ல் மெரினாவில் இளைஞர்கள் திரண்ட பின் தமிழகச் சட்டமன்றம் திருத்தியதும் இதே சட்டத்தைத்தான். அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு தரப்பில் எவர் பக்கம் நாம் நின்றாலும், மாநிலங்களவையில் ஒரு பெண்மணி எழுப்பிய கேள்வி 60 ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மைச் சிந்திக்க வைத்தது என்பதை மறுக்க முடியாது.

மனிதரே பட்டினி கிடக்கும்போது விலங்குகளைப் பற்றிப் பேசலாமா?

இந்தக் கேள்வி நியாயமானது. மலைமக்களுக்கு மருத்துவம், சாலை, பள்ளி ஆகியவற்றுக்கே இன்னும் குறைகள் இருக்கும்போது, மாட்டுக்குச் சட்டமா என்று கேட்கத் தோன்றும். மனிதத் துயரைப் போக்க முதலில் செலவிட வேண்டியதை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்று திருச்சபையின் மறைக்கல்வியும் சொல்கிறது. ஆனால் அதே மறைக்கல்வி, தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீதிமொழிகள் நூலின் 12-ஆம் அதிகாரம் நேர்மையாளரை அடையாளம் காட்டும்போது, தன் கால்நடையின் மீது அவர் காட்டும் கரிசனையைச் சொல்கிறது. ஓய்வுநாள் கட்டளை மனிதருக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே தரப்பட்டது. ருக்மிணி தேவி கிறிஸ்தவர் அல்ல. ஆனால் அவர் அவையில் பேசிய காரியம் நமக்கு அந்நியமானதல்ல.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் கொள்ள வேண்டும். அவர் சைவ உணவுக்காரர். ஆனால் அவருடைய முயற்சியால் பிறந்த சட்டம் உணவுக்காக விலங்குகளைக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. தேவையற்ற வேதனையைத்தான் தடுத்தது. ஏழைகளின் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்த்து அவர்களை மிரட்டுவது ஒன்று, உயிர்களிடம் இரக்கம் கொள்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இக்காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் மலையும் நாமும்

கொல்லிமலையின் அடிவாரத்தில் நாமக்கல் சமவெளி இருக்கிறது. முட்டைக் கோழி வளர்ப்பில் நாடறிந்த ஊர். நம் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் வரும் முட்டைக்கும் பல குடும்பங்களின் பிழைப்புக்கும் அந்தப் பண்ணைகளே ஆதாரம். அதே பண்ணைகளில் சிறகை விரிக்கவும் இடமில்லாத கூண்டுகளில் கோழிகள் அடைபட்டிருக்கின்றன. 2017-ல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆம் அறிக்கையில் இந்தக் கூண்டுகளைப் பற்றிக் கவலை தெரிவித்தது. பிழைப்பையும் காக்க வேண்டும், இரக்கத்தையும் காக்க வேண்டும். அதற்கு வழி காண்பதுதான் சட்டம் இயற்றுபவரின் வேலை. அவர்களிடம் அதைக் கேட்பது நம் வேலை.

கொல்லிமலை சேந்தமங்கலம் பழங்குடியினர் தனித்தொகுதியில் இருக்கிறது. நமக்கென்று சட்டமன்றத்தில் ஒருவர் இருக்கிறார், நாமக்கல் தொகுதி வழியாக மக்களவையில் ஒருவர் இருக்கிறார். அவர்கள் அங்கே கேட்ட கேள்விகளும் பேசிய பேச்சும் பதிவாகின்றன. மாநிலங்களவை விவாதங்கள் 1952 முதல் இணையத்தில் கிடைக்கின்றன, ருக்மிணி தேவியின் பேச்சு உட்பட. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே அவற்றைத் தேடிப் படித்துப் பெரியவர்களுக்குச் சொல்லலாம். அன்பியக் கூட்டங்களில் அதைப் பேசலாம்.

அப்போது மூன்று கேள்விகள் போதும். தனக்கு எந்தப் பயனும் தராதவர்களுக்காக இவர் பேசினாரா? பெயர் கிடைக்காவிட்டாலும் காரியம் நடக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாரா? சட்டம் வந்த பிறகும் அதன் பின்னால் நடந்தாரா?

ருக்மிணி தேவி மூன்றிலும் தேறுகிறார். நாட்டின் மிக உயர்ந்த பதவி அவரைத் தேடி வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருவான்மியூரில் மாணவர்களுக்குக் கற்பிக்கவும் வாரியத்தின் கோப்புகளைப் பார்க்கவும் திரும்பிப் போனார். அடுத்த முறை நம் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் இந்த மூன்று கேள்விகளையும் மரியாதையோடு கேட்டுப் பார்ப்போம். வாக்குச்சாவடிக்குப் போகும் முன் நமக்கு நாமே பதிலும் சொல்லிக்கொள்வோம்.